அடுத்த நோயாளி உள்ளே வருவதற்குள்

இயல் 6: நோய்ப் பரவல் காலத்தில் மருத்துவர்களுக்குச் செய்தி சேர்ப்பது

2003 மார்ச் 7. கனடாவின் இரண்டு ஊர்களில் ஒரே நாளில், ஒரே கிருமியோடு இரண்டு பேர் மருத்துவமனைக்கு வந்தார்கள். வான்கூவருக்கு வந்தவர் முந்தைய நாள்தான் ஹாங்காங்கிலிருந்து திரும்பியிருந்தார். டொரான்டோவில் வந்தவர் எங்கும் பயணம் போகாதவர். ஹாங்காங் போய்வந்தவர் அவருடைய தாய். அந்த அம்மா இரண்டு நாளுக்கு முன் வீட்டிலேயே இறந்திருந்தார். சார்ஸ் என்ற பெயர் அன்றைக்கு உலகத்தில் யாருக்கும் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்ததே மார்ச் 12-ல்தான்.

வான்கூவரில் அவசரப் பிரிவில் இருந்தவர்கள் சில நிமிடங்களில் அவரைத் தனி அறைக்குக் கொண்டுபோய், முகக்கவசமும் அங்கியும் அணிந்துகொண்டுதான் தொட்டார்கள். டொரான்டோவில் அந்த மகன் இரவு முழுவதும் நெரிசலான அவசரப் பிரிவிலேயே படுத்திருந்தார். பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்களுக்குத் தொற்றியது. அவர்கள் வழியாகக் குடும்பங்களுக்கும் செவிலியர்களுக்கும் வேறு மருத்துவமனைகளுக்கும் போனது. கனடாவில் அந்த ஆண்டு சார்ஸ் கொண்டுபோன 44 உயிர்களும் டொரான்டோ வட்டாரத்தில் போனவை.

வான்கூவர்க்காரர்கள் கூடுதல் கெட்டிக்காரர்கள் என்று சொல்லமாட்டேன். அதிர்ஷ்டமும் அவர்கள் பக்கம் கொஞ்சம் இருந்தது. ஆனால் ஒரு வேலை நடந்திருந்தது. பிப்ரவரியில் ஹாங்காங்கில் பறவைக் காய்ச்சல் தென்பட்டதும், அந்த மாகாணத்தின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் மருத்துவமனைகளுக்குச் செய்தி அனுப்பியிருந்தது. கடும் காய்ச்சலும் இருமலுமாக வருபவரிடம் சீனப் பக்கம் போய்வந்தாரா என்று கேளுங்கள், ஆம் என்றால் தனியே வையுங்கள் என்பது அதன் சாரம். வந்த நோய் பறவைக் காய்ச்சல் இல்லை. சொல்லிவைத்த நோய் ஒன்று, வந்த நோய் வேறொன்று. ஆனாலும் செய்தி வேலை செய்தது. அந்தச் செய்தி மருத்துவருக்கு நோயின் பெயரைவிட ஒரு கேள்வியைத்தான் கொடுத்திருந்தது. கேள்வி சரியாக இருந்ததால் தெரியாத நோயும் அதில் மாட்டியது.

மாவட்டக் கண்காணிப்புப் பிரிவில் உட்கார்ந்து இப்படிப்பட்ட செய்திகளை எழுதப்போகிறவர்களுக்காகத்தான் இந்த இயல். மருத்துவமனைத் தொற்றுத் தடுப்புப் பொறுப்பாளருக்கும், மருத்துவர் சங்கக் கிளைச் செயலாளருக்கும் இது உதவும். சொல்லப்போவது ஒன்றே: நம்முடைய செய்தியைப் படித்த மருத்துவர், அடுத்து உள்ளே வரும் நோயாளியிடம் வேறு ஏதாவது கேட்கவேண்டும், அல்லது வேறு ஏதாவது செய்யவேண்டும். எதுவும் மாறாது என்றால் அந்தச் செய்தியை அனுப்பத் தேவையில்லை.

யாருக்கு எழுதுகிறோம்

காலை ஓபி நேரத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் அரை மணி நேரம் ஓரமாக நில்லுங்கள். ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். இடையில் பிரசவ அறையிலிருந்து சிஸ்டர் கூப்பிடுவார், மேலிடத்திலிருந்து போன் வரும், சர்க்கரை மாத்திரை வாங்க வந்த பெரியவர் கதவில் கைவைத்துக்கொண்டு நிற்பார். இந்த மேசைக்குத்தான் நம்முடைய தாள் போய்ச்சேரப்போகிறது.

ஒருமுறை என் கைக்கு நான்கு பக்கச் சுற்றறிக்கை ஒன்று வந்தது. முதல் பக்கம் முழுக்க ‘பார்வை’ என்ற தலைப்பில் முந்தைய கடிதங்களின் எண்களும் நாள்களும். இரண்டாம் பக்கத்தில் கிருமியின் வகைப்பாடு. மூன்றாம் பக்கத்தின் நடுவில் ஒரு வரி: இன்ன அறிகுறி இருந்தால் மாதிரி எடுத்து இன்ன இடத்துக்கு அனுப்பவும். அந்த ஒரு வரிக்காகத்தான் மீதி எல்லாமே. அது மூன்றாம் பக்கத்தில் இருந்ததால் பலர் அதுவரை போகவேயில்லை. அலுவலகக் கோப்புக்கு எழுதும் நடை வேறு, நோயாளியை எதிரே வைத்துக்கொண்டு படிப்பவருக்கு எழுதும் நடை வேறு. கோப்புக்கு வேண்டியதைத் தனித் தாளில் எழுதிக் கோப்பிலேயே வையுங்கள். மருத்துவருக்குப் போவது ஒரே பக்கம். அதுவும் செல்பேசித் திரையில் விரலால் பெரிதாக்காமல் படிக்கக்கூடியதாக இருக்கட்டும்; ஸ்கேன் செய்த கையெழுத்துப் பிரதி வேண்டாம்.

அரசு மருத்துவர்களோடு பட்டியல் முடிந்துவிடாது. நம் ஊரில் காய்ச்சல்காரர் முதலில் போவது பெரும்பாலும் பக்கத்துத் தெரு கிளினிக்குக்கு, அதற்கும் முன்னால் மருந்துக் கடைக்கு. தனியார் மருத்துவர்கள், சித்த மருத்துவர்கள், ஆய்வகக்காரர்கள், மருந்தாளுநர்கள் எல்லோரும் பட்டியலில் வேண்டும். மருந்தாளுநரை ஏன் சேர்க்கவேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய சேதி. 1981-ல் அமெரிக்காவில் பென்டமிடின் என்ற அரிய மருந்தை மருத்துவர்கள் அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்திடமிருந்துதான் வாங்கவேண்டியிருந்தது. இளம் வயது ஆண்களுக்காக அதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்களே என்று அங்கே மருந்துப் பொறுப்பில் இருந்த சாண்ட்ரா ஃபோர்டு கவனித்துச் சொன்னார். எய்ட்ஸ் என்று பின்னால் பெயர் பெற்ற நோயின் முதல் தடங்களில் அதுவும் ஒன்று.

பட்டியலை வெயில் காலத்திலேயே தயார் செய்யுங்கள். மழை தொடங்கி, வார்டு நிரம்பிய பிறகு எண்களைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள். மருத்துவர்கள் ஊர் மாறுகிறார்கள், எண் மாறுகிறது.

எப்படி எழுதுவது

வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு ஒரு மாவட்டத்தில் ஸ்க்ரப் டைபஸ் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கற்பனையான மாதிரிதான், மருத்துவம் கற்பனை இல்லை.

“உடனடி. நவம்பர் 14, காலை 10 மணி. இன்று முதல்: ஐந்து நாளோ அதற்கு மேலோ காய்ச்சலோடு வருபவரின் உடலை ஆடை விலக்கிப் பாருங்கள். அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடி, பாவாடை நாடா கட்டும் இடுப்பு ஆகிய இடங்களில் சிகரெட் சுட்டதுபோல் வலியில்லாத கரும்பொருக்கு இருக்கலாம். பொருக்கு இல்லையென்றாலும் ஸ்க்ரப் டைபஸ் இல்லையென்று சொல்லிவிட முடியாது. ஐயம் வந்தால் ரத்தம் எடுத்து ஐஜிஎம் எலைசாவுக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் டாக்சிசைக்ளின் தொடங்குங்கள், கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின். மூச்சுத்திணறல், மனக்குழப்பம், ரத்த அழுத்தம் இறங்குதல் இருந்தால் முதல் வேளை மருந்தைக் கொடுத்துவிட்டு மேல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். ஏன்: கடந்த இரண்டு வாரத்தில் மலையடிவார ஒன்றியங்கள் இரண்டில் நோயாளிகள் கூடியிருக்கிறார்கள், சிலர் டெங்கு என்று கருதப்பட்டுத் தாமதமாக வந்தார்கள். இன்னும் தெரியாதது: நகர்ப்பகுதியில் பரவுகிறதா என்பது. இந்தச் செய்தி நவம்பர் 28 வரை. அதற்குள் புதுச் செய்தி வரும். அழைக்க:” என்று முடித்து, இரவு பகல் எடுக்கப்படும் ஓர் எண்.

செய்யவேண்டியது முதலில் வந்துவிடுகிறது, காரணம் பிறகு. கிருமியின் பெயர் ஒரியன்ஷியா சுட்சுகமுஷி என்பதோ, அது ஒரு சிற்றுண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் பரவுகிறது என்பதோ அதில் இல்லை. மருத்துவருக்கு அது தெரியும், தெரியாவிட்டாலும் இன்றைய ஓபிக்கு அது தடையில்லை. பாவாடை நாடா என்று எழுதியதை யாராவது கண்ணியக் குறைவு என்று அடித்தால் விட்டுக்கொடுக்காதீர்கள். பொருக்கு ஒளிந்திருக்கும் இடம் அது. ‘மறைவான உடற்பகுதிகள்’ என்று எழுதினால் யாரும் அங்கே பார்க்கமாட்டார்கள்.

‘இன்னும் தெரியாதது’ என்ற வரியை எழுதப் பல அதிகாரிகள் தயங்குகிறார்கள். தெரியாது என்று எழுத்தில் கொடுத்தால் துறையின் மதிப்பு போய்விடும் என்ற அச்சம். என் அனுபவத்தில் நேர்மாறாகத்தான் நடக்கிறது. தெரியாததை முதல் நாளே சொல்லிவைத்தவர் பிற்பாடு அறிவுரையை மாற்றும்போது மருத்துவர்கள் கூடவே வருகிறார்கள். எல்லாம் தெரிந்ததுபோல் எழுதியவர் மாற்றும்போது, போன வாரம் வேறு சொன்னார்களே என்று செய்தியையே ஒதுக்கிவிடுகிறார்கள்.

செய்திக்கு ஒரு காலாவதி நாள் கட்டாயம் வேண்டும். கோவிட் தொடக்கத்தில் யாருக்குப் பரிசோதனை என்ற வரையறை வெளிநாட்டுப் பயணத்தையும் நோயாளியோடு இருந்த தொடர்பையும் வைத்து இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 மார்ச் 20 அன்று அதை விரிவாக்கி, கடும் மூச்சுத்தொற்றோடு மருத்துவமனையில் சேர்ந்த எல்லோரையும் சேர்த்தது. இப்படி வரையறை மாறும் நாளில், பழைய தாள் சுவரில் ஒட்டியபடி இருந்தால் பழைய கேள்விதான் கேட்கப்படும். “வெளிநாடு போனீங்களா? இல்லையா? சரி, போங்க.” புதுத் தாளைக் கொடுப்பவர் பழையதைக் கிழித்துவிட்டுத்தான் திரும்பவேண்டும்.

அடிக்கடி அனுப்பினால்தான் நினைவில் நிற்கும் என்பதும் தவறான கணக்கு. அமெரிக்காவில் மருத்துவப் பணியாளர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2013-ல் வெளியானது. உள்ளூர்ச் சுகாதாரத் துறையிலிருந்து வரும் செய்திகள் கூடக் கூட, குறிப்பிட்ட ஒரு செய்தியில் என்ன இருந்தது என்று நினைவுகூர்வது குறைந்துகொண்டே போனதை அது காட்டியது. ஆகவே தரம் பிரியுங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் சுகாதார எச்சரிக்கை வலையமைப்பு தன் செய்திகளை, உடனே செயல்படவேண்டியது, அறிந்துவைக்கவேண்டியது, முந்தையதன் தொடர்ச்சி, பொதுத் தகவல் என்று பிரித்தே அனுப்புகிறது. நமக்கு மூன்று போதும்: உடனடி, கவனத்துக்கு, தொடர்செய்தி. ‘உடனடி’ என்ற சொல்லைக் கஞ்சத்தனமாகச் செலவழியுங்கள். கொசு ஒழிப்பு நாள் விழாவுக்கு அந்தச் சொல்லைப் போட்டுவிட்டால், நிபா வரும் நாளில் போட வேறு சொல் இருக்காது.

வாசலில் நின்றுபோகும் செய்தி

மருத்துவமனைக்குள் செய்தி வந்துவிட்டது என்பதும் மருத்துவர் கைக்கு வந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. 2014-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது அமெரிக்க மருத்துவமனைகளுக்கெல்லாம் எச்சரிக்கை போயிருந்தது. செப்டம்பர் கடைசி வாரத்தில் டாலஸ் நகரில் லைபீரியாவிலிருந்து வந்த ஒருவர் காய்ச்சலோடு அவசரப் பிரிவுக்குப் போனார். செவிலியர் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டார்; ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் என்று பதிவும் செய்தார். அந்தப் பதிவு சிகிச்சை முடிவை மாற்றவில்லை. ஆன்டிபயாட்டிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். செப்டம்பர் 28-ல் ஆம்புலன்ஸில் திரும்ப வந்தார், அக்டோபர் 8-ல் இறந்தார். அவரைப் பராமரித்த செவிலியர் இருவருக்கு எபோலா தொற்றியது, இருவரும் பிழைத்தார்கள்.

எச்சரிக்கை இருந்தது, கேள்வி இருந்தது, பதிலும் இருந்தது. பதிலைக் கேட்டவர் வாய்விட்டுச் சொல்லி அடுத்தவர் காதில் போடும் ஏற்பாடு மட்டும் இல்லை. செய்தி அனுப்புகிற நாம் இதைக் கேட்டே ஆகவேண்டும்: இந்த மருத்துவமனையில் சீட்டு போடுகிற இடத்தில் யார் கேட்பது, ‘ஆம்’ என்று பதில் வந்தால் அவர் யாரிடம் ஓடிப்போய்ச் சொல்வது, நோயாளியை எந்த அறையில் உட்காரவைப்பது? கேஷுவாலிட்டி டூட்டி மாறும்போது பத்து வினாடியில் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் இருந்தால் நம் தாளின் முதல் வரி அங்கே ஒலிக்கவேண்டும். மருத்துவர்களுக்கு மட்டும் அனுப்பிவிட்டுச் செவிலியர்களையும் சீட்டுப் போடுபவரையும் விட்டுவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. நோயாளி முதலில் பேசுவது அவர்களோடுதான்.

மேலே போகும் செய்திக்குப் பதில்

2001-ல் சிலிகுரியில் மூளைக்காய்ச்சல் போன்ற ஒன்று பரவி 66 பேருக்கு வந்தது, 45 பேர் இறந்தார்கள். மருத்துவமனைகளுக்குள்ளேயே அது பரவியது. அது நிபா என்று ஆய்வில் தெரிந்து உறுதியாக எழுதப்பட, ஆண்டுகள் கடந்தன. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் அதே நோய் வந்தபோது முதல் நோயாளி நோய் இன்னதென்று தெரியாமலே இறந்தார். அதே குடும்பத்தில் இரண்டாமவர் வந்ததும், ஒரு தனியார் மருத்துவமனையின் மருத்துவர்கள் ஒரே வீட்டில் இரண்டு மூளைக்காய்ச்சலா என்று நின்று யோசித்தார்கள். மாதிரி மணிப்பாலுக்குப் போனது, புனேயிலுள்ள தேசிய நச்சுயிரியல் நிறுவனம் உறுதி செய்தது. அரசுக் கணக்கில் 17 உயிர்கள் போயின. முதல் நோயாளியைப் பராமரித்த செவிலியரும் அவர்களில் ஒருவர். ஆனால் இரண்டாவது நோயாளியிலேயே பிடித்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு எர்ணாகுளத்தில் ஒருவருக்கு வந்தபோது அவர் பிழைத்தார், வேறு யாருக்கும் பரவவில்லை.

அந்த இரண்டாவது நோயாளியைப் பார்த்து ஐயப்பட்ட மருத்துவர்தான் நம்முடைய கண். நாம் அவருக்குச் செய்தி சொல்வதைப்போல அவரும் நமக்குச் சொல்லவேண்டும். அதற்கு அவருக்கு என்ன காரணம் வைத்திருக்கிறோம்? தமிழ்நாட்டில் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939-லிருந்து இருக்கிறது. அறிவிக்கவேண்டிய நோய்களை அறிவிப்பது கடமை என்று அது சொல்கிறது. சட்டத்தைக் காட்டிப் படிவம் வாங்கலாம். இரவு ஒன்பது மணிக்கு, “சார், ஒரு கேஸ் கொஞ்சம் வித்தியாசமா இருக்கு” என்று ஒரு மருத்துவர் தானாகக் கூப்பிடவேண்டும் என்றால் சட்டம் போதாது.

அதற்கு வழிகாட்டியது நம் வேலூர்தான். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டி. ஜேக்கப் ஜான் முதலானவர்கள் வட ஆற்காடு மாவட்டத்தில் ஒரு கண்காணிப்பு முறையை நடத்தினார்கள். அரசு, தனியார் இரு தரப்பு மருத்துவர்களும் நோயைக் கண்டதும் அச்சிட்ட அஞ்சலட்டை ஒன்றில் விவரத்தை எழுதித் தபாலில் போடவேண்டியதுதான். வந்த தகவல்களைத் தொகுத்து மாதாமாதம் அவர்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். வட ஆற்காடு மாவட்டச் சுகாதாரத் தகவல் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘நதி’ என்று வரும். இதழின் பெயரும் அதுதான். இதே முறை பின்னால் கேரளத்தில் கோட்டயத்துக்குப் போனது. கணினி பரவலாவதற்கு முந்தைய ஏற்பாடு. இன்று ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளத்தில் எஸ், பி, எல் என்ற மூன்று படிவங்களை அன்றன்றே நிரப்புகிறோம். தகவல் டெல்லி வரை போகிறது. நிரப்பிய மருத்துவருக்கு என்ன திரும்பி வருகிறது என்று கேட்டால் பல இடங்களில் பதில் இல்லை. அஞ்சலட்டைக் காலத்தில் இருந்த அந்த ஒன்று, எல்லாம் இருக்கும் இன்றைக்கு இல்லாமல் போவது எனக்குப் பெரிய வருத்தம்.

ஆகவே விதி கடுமையாக இருக்கட்டும். ஒரு மருத்துவர் தகவல் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அவருக்குப் பதில் போகவேண்டும்: பார்த்தோம், ஆள் அனுப்பினோம், மாதிரி இன்ன இடத்தில் இருக்கிறது. சோதனை முடிவு வந்தால், பொதுச் செய்தியாக வெளியிடுவதற்கு முன் அவருக்குச் சொல்லுங்கள். இல்லையென்று முடிவு வந்தாலும் சொல்லுங்கள், அப்போதுதான் அடுத்த முறையும் கூப்பிடுவார். தகவல் கொடுத்த கிளினிக்குக்கு அடுத்த நாளே ஆய்வுக் குழுவை அனுப்பி உரிமம் கேட்டு மிரட்டினால், அந்த வட்டாரத்திலிருந்து பிறகு அழைப்பே வராது.

மருத்துவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை வதந்தி என்று அடக்கவும் கூடாது. 2019 டிசம்பர் 30 அன்று வூஹானில் கண் மருத்துவர் லி வென்லியாங் தன் சக மருத்துவர்களின் குழுவில், சார்ஸ் போன்ற ஒன்று வந்திருக்கிறது, கவனமாக இருங்கள் என்று எழுதினார். சில நாளில் காவல்துறை அழைத்துக் கண்டித்துக் கையெழுத்து வாங்கியது. பிப்ரவரி 7-ல் அதே நோயில் அவர் இறந்தார். உங்கள் மாவட்டத்து மருத்துவர் வாட்ஸாப் குழுவில் இப்படி ஒரு வரி வந்தால் ‘உறுதி செய்யப்படாத தகவலைப் பரப்பாதீர்’ என்று பதில் போடாதீர்கள். எழுதியவரைத் தனியே கூப்பிட்டு, எத்தனை பேர், எந்த ஊர், எப்போதிருந்து என்று கேளுங்கள். பிறகு குழுவிலேயே, விசாரிக்கிறோம், நாளை மாலை ஐந்து மணிக்குச் சொல்கிறோம் என்று எழுதுங்கள். ஐந்து மணிக்குச் சொல்லவும் செய்யுங்கள், சொல்ல எதுவும் இல்லையென்றாலும்.

அனுப்புவதற்கு முன்

எழுதியதை, அந்தத் துறையோடு தொடர்பில்லாத ஓர் இளம் டூட்டி டாக்டரிடம் கொடுத்து ஒரு நிமிடம் படிக்கவிடுங்கள். தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு, “இப்போ ஒரு காய்ச்சல் கேஸ் வந்தா என்ன செய்வீங்க?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில் நீங்கள் நினைத்ததாக இல்லையென்றால் திருத்தவேண்டியது தாளைத்தான்.

அனுப்பிய மறுநாள் பட்டியலில் பத்துப் பேரை எடுத்துத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். அரசு மருத்துவர் நான்கு பேர், தனியார் நான்கு பேர், மருந்துக் கடை ஒன்று, ஆய்வகம் ஒன்று. வந்ததா என்று மட்டும் கேட்டால் எல்லோரும் வந்தது என்றுதான் சொல்வார்கள். நேற்றிலிருந்து யாரையாவது அப்படிப் பரிசோதித்தீர்களா என்று கேளுங்கள். அதோடு, தாளின் அடியில் அச்சிட்ட அந்த எண்ணை ஞாயிற்றுக்கிழமை இரவு இரண்டு மணிக்கு வேறொரு போனிலிருந்து நீங்களே அழைத்துப் பாருங்கள். யாரும் எடுக்கவில்லை என்றால் திங்கட்கிழமை காலையில் வேறு எந்தக் கோப்பையும் திறப்பதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.